திருகு நிலைத்தால் போதுமா?

மேல் வாயின் பற்களையெல்லாம் இழந்தவர்களுக்குக் கன்ன எலும்பை ஆதாரமாகக் கொண்டு பற்கள் பொருத்தும் சிகிச்சை, இன்று நம் நாட்டிலும் நடைபெற்று வருகிறது. இதன் நெடுங்காலப் பயன் யாது என்று கேட்டால், திருகுகளில் நூற்றுக்கு இத்தனை நிலைத்தன என்னும் ஓர் எண்ணே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது. அவ்வெண் மெய்யானதே. ஆயினும், நாம் அறிய வேண்டியவை அனைத்தையும் அது கூறுவதில்லை என்பது என் கருத்து.

பற்கள் போனபின் தாடை எலும்பு படிப்படியாகக் கரைந்து குறைகிறது. மேல் தாடையின் பின்பகுதியில், சைனஸ் என்னும் காற்றறையும் கீழ்நோக்கி விரிவதால், சிலருக்குச் சில மில்லிமீட்டர் எலும்பே எஞ்சும். பல்லுக்கு வேராக வழக்கமாகப் பதிக்கப்பெறும் டைட்டேனியத் திருகு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளமுடையது. அதற்கு அங்கே பிடிப்பில்லை. இடுப்பெலும்பிலிருந்து எலும்பெடுத்து ஒட்டலாம் என்றாலோ, அது பற்றிக்கொள்ளப் பல மாதங்கள் காத்திருத்தல் வேண்டும். டைட்டேனியம் உயிருள்ள எலும்புடன் இறுக ஒன்றிவிடும் என்பதை 1950-களில் கண்டறிந்தவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி பிரோனெமார்க். 1965-இல் மனிதரின் தாடையில் அத்திருகுகளை முதன்முதலாகப் பதித்த அவரே, 1980-களின் இறுதியில் கன்ன எலும்பை எட்டும் நீண்ட திருகையும் உருவாக்கினார். 30 முதல் 50 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம் வரை உள்ள இத்திருகு, சைனஸ் அறையினூடே அல்லது அதன் ஓரமாகச் சாய்வாகச் சென்று, கடினமான கன்ன எலும்பில் ஊன்றி நிற்கிறது. சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே பற்களைப் பொருத்திவிடுவதும் பலருக்குச் சாத்தியமாகிறது.

2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 68 ஆய்வுகளைத் திரட்டி, 2,161 நோயாளிகளுக்குப் பதிக்கப்பட்ட 4,556 திருகுகளின் நிலையை ஆராய்ந்தது. அவற்றுள் தோல்வியுற்றவை 103. பெரும்பாலானவை முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே தோல்வியுற்றன. 12 ஆண்டுகளுக்குக் கணக்கிடப்பட்ட நிலைப்பு விகிதம் 95.21 சதவிகிதம். சைனஸ் அழற்சி 2.4 சதவிகிதம் எனக் காணப்பட்டது. ஆனால், பல ஆய்வுகள் இத்தகைய தொல்லைகளைக் குறிப்பிடாமலே விட்டுவிட்டமையால், இத்தொகை உண்மையினும் குறைவாக இருக்கலாம் என்று அவ்வாய்வாளர்களே எச்சரித்துள்ளனர்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, மீண்டும் பரிசோதனைக்கு வராத நோயாளி, வராத நாள் முதல் இக்கணக்கிலிருந்து விலகிவிடுகிறார். தேர்வுக்கு வந்த மாணவர்களை மட்டும் எண்ணித் தேர்ச்சி விகிதம் கூறினால் ஆசிரியர்கள் அதனை முழுமையாக ஏற்பார்களா? இரண்டாவது, திருகு அசையாமல் நிற்கையிலேயே அதனை உடையவர் மூக்கில் சீழ் ஒழுகித் துன்புறலாம். அவர் கணக்கில் வெற்றியாகவே எழுதப்படுவார். ஆதலின், திருகின் உறுதியோடு சைனஸின் நலம், சுற்றியுள்ள ஈறு முதலியவற்றின் நலம், பல்வரிசை அமைந்த இடம் ஆகியவற்றையும் சேர்த்தே வெற்றியை மதிப்பிட வேண்டும் என்று அண்மைக்காலத்தில் நிபுணர்கள் சிலர் வற்புறுத்துவது மிகவும் பொருத்தமானதாகும்.

இது பெருநகர வசதி படைத்தோரின் பிரச்சினை என்று எண்ணிவிடலாகாது. 2021-இல் கொரோனா நோயைத் தொடர்ந்து பரவிய கறுப்புப் பூஞ்சை நோய், அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் நம் நாட்டில் 40,000-க்கு மேற்பட்டோரைப் பற்றியது. மூக்கிலும் சைனஸிலும் புகுந்த அப்பூஞ்சையிலிருந்து உயிரைக் காக்க, பலருக்கு மேல் தாடையையே அகற்ற நேர்ந்தது. நீரிழிவு உடையோர் அவர்களுள் மிகுதி. உண்ணவும் தெளிவாகப் பேசவும் இயலாமற்போன அவர்களுள் சிலருக்குக் கன்ன எலும்பே புகலிடமாயிற்று. ஆனால், மேல் தாடை அகற்றப்பட்டவர்களிடம் இத்திருகுகள் நிலைக்கும் விகிதம் குறைவு என்றே மேற்கூறிய தொகுப்பாய்வு காட்டுகிறது. எனவே, 95 என்னும் எண்ணை அவர்களுக்கு அப்படியே உரைப்பது நேர்மையாகாது.

அவர்களின் நெடுங்கால நிலையை அறிவது மருத்துவமனையால் மட்டும் முடிவதன்று. நோயாளி ஊர் திரும்பிய பின் அவரைக் காண்பவர் களப்பணியாளரே. ஒரு பக்க மூக்கடைப்பு, சீழ் நாற்றம், கன்ன வீக்கம், நீர் அருந்துகையில் அது மூக்கின் வழியே வருதல், பல்வரிசையின் அசைவு ஆகியவற்றுள் ஒன்றேனும் உண்டா என வினவுதல் வேண்டும்; இருப்பின், வலி தோன்றும்வரை காத்திராமல் சிகிச்சை செய்த இடத்திற்கு அனுப்புதல் வேண்டும். பதித்த நாள், திருகுகளின் எண்ணிக்கை, நீளம் ஆகியவை எழுதிய அட்டையைப் பத்திரப்படுத்தச் சொல்லலாம். பல்வரிசையின் அடிப்புறத்தை நாள்தோறும் தூய்மை செய்வதும், நீரிழிவைக் கட்டுக்குள் வைப்பதும், புகையிலையை விடுவதும் இன்றியமையாதவை. தம் மாணவர்களின் வீடுகளில் இத்தகையோர் இருப்பின், ஆசிரியர்களும் இவற்றை எடுத்துரைக்கலாம்.

திருகைப் பதிப்பது சில மணி நேர வேலை; அதன் பயனைக் காப்பதோ பல்லாண்டுப் பணி. சிகிச்சைக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையேனும் பின்தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்வதற்கும் நாம் செலவிட்டாலன்றி, வெற்றி என்று நாம் கூறும் எண் திருகுகளின் கணக்காகவே நிற்கும், மனிதர்களின் கணக்காகாது.