இதை வித்தா எவ்வளவு வரும்?

கையில் ஊசியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் நம் ஊரில் இரண்டே கேள்விகள்தான் கேட்பார்கள். ‘உனக்கு வேற வேலை இல்லையா?’ என்பது ஒன்று. ‘இதை வித்தா எவ்வளவு வரும்?’ என்பது இன்னொன்று. போன மார்கழி முழுக்க இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் உங்களிடம் கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாம் என்று நினைத்தேன்.

எங்களுக்கு பாரூர். கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி பக்கம். நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் வந்து நிரப்பும் பெரிய ஏரிதான் எங்க ஊருக்கு அடையாளம். மகனும் மருமகளும் ஓசூரில் கம்பெனி வேலை, ஆளுக்கொரு ஷிஃப்ட். ஆறு வயதுப் பேரனும் அவர்களோடுதான். இங்கே நான், என் வீட்டுக்காரர், 78 வயது மாமியார், அவ்வளவுதான்.

வேலை குறைந்தால் தூக்கம் நன்றாக வரும் என்பார்கள் இல்லையா? எனக்குத் தலைகீழ். ராத்திரி 11 மணி வரை செல்போன். 2 மணிக்கு முழிப்பு. மறுபடியும் செல்போன். டாக்டரிடம் போனால், பிரஷர் கொஞ்சம் கூடுதல் என்றார். மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார். ‘படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போனை வேற ரூம்ல வெச்சிடுங்க’ என்றும் சொன்னார்.

மாத்திரை சுலபம். உப்பும் பரவாயில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் கஷ்டம். சும்மா இருக்கும் கை போனைத் தேடி ஓடுகிறதே, என்ன செய்ய?

அம்மா வீட்டுச் சீராக வந்த கால் மெஷின் ஒன்று மூலையில் கிடந்தது. அதன் மேல் எப்போதும் துணி மூட்டை. மூட்டையை இறக்கி, பெல்ட்டை மாற்றி, எண்ணெய் விட்டு, பாபினில் நூல் சுற்றினேன். ‘ராத்திரி 9-லிருந்து 10 வரைக்கும் என் நேரம். யாரும் டீ கேட்கக் கூடாது’ என்று அறிவித்துவிட்டு, மார்கழி முதல் தேதி உட்கார்ந்தேன்.

ஒரு மாதக் கணக்கு

முதல் வாரம் தையல். கிழிந்த பேன்ட் கால்களில் நாலு காய்கறிப் பை, பழைய வேட்டியில் தலையணை உறைகள், இரண்டு சேலைக்கு ஃபால்ஸ். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இயக்கம் ஆரம்பித்தது. ஆனாலும் சந்தைக்கு நாம் கையை வீசிக்கொண்டுதானே போகிறோம்? இப்போது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நாலு பை தொங்குகிறது. மறக்க வழியில்லை.

இரண்டாவது, மூன்றாவது வாரம் பின்னல். ‘தமிழ்நாட்டுல யாருக்குங்க கம்பளித் தொப்பி?’ என்று சிரிக்காதீர்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலையில் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைக்குக் காது மூடத் தொப்பி வேண்டும். ஊசியில் 96 கண்ணி போட்டு ஆரம்பித்தேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால், ஆறு வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவியிருக்கிறது! அழுகையே வந்துவிட்டது. அத்தனையும் பிரித்தேன். பிரித்து முடித்துப் பார்த்தால் நூல் அப்படியே உருண்டையாகக் கையில் இருக்கிறது, ஒரு முழம்கூட வீணாகவில்லை. கருகின பொரியலை இப்படித் திரும்ப எடுக்க முடியுமா, சொல்லுங்கள்?

நாலாவது வாரம் காகிதம். வருஷக் கடைசி, வீட்டில் பழைய மாதக் காலண்டர்கள் நிறைய. அந்தக் கெட்டித் தாளில் கவர்கள், பெட்டிகள், பொங்கல் லீவுக்கு வந்த பேரனோடு சேர்ந்து கப்பல், கொக்கு எல்லாம் மடித்தோம். கொக்கு மடிக்கும்போது அவனுக்கு ஹிரோஷிமா சிறுமி சடாகோ சசாகியின் கதையைச் சொன்னேன். 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. பத்து வருஷம் கழித்து ரத்தப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையில் மருந்து சுற்றி வரும் தாளைக்கூட விடாமல் மடித்தாளாம். 1955 அக்டோபரில், 12 வயதில், போய்விட்டாள். கொக்குகள் நோயைக் குணப்படுத்தவில்லை. ஆனால் அந்த நாட்களில் அந்தப் பிஞ்சுக் கைகளுக்கு அவைதான் துணை.

காகிதத்தில் செய்ததிலேயே எனக்குப் பெருமை எது தெரியுமா? அத்தைக்குச் செய்த மாத்திரைக் கவர்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. காலை மாத்திரையை ராத்திரி போட்டுக்கொண்டு ஒரு தடவை மயக்கமே வந்துவிட்டது. காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா படம் வரைந்து ஏழு நாளைக்குப் பதினாலு கவர் செய்தேன். மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்காமல், துண்டாக நறுக்கி உள்ளே போட்டுவைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், மறுநாள் தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ‘குடு கண்ணு, நான் மடிக்கறேன்’ என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவராக வந்து கேட்ட முதல் வேலை அது.

டார்கெட் இல்லாத தையல்

இனி விலைக்கு வருவோம். தொப்பியைப் பார்த்த உறவுக்காரர், ‘ஆன்லைன்ல போட்டா நல்ல காசு’ என்றார். பைகளைப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, ‘மாசம் நூறு தைச்சுக் குடுங்க, நான் வித்துத் தரேன்’ என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசைதான்.

என்னை நிறுத்தியது எதிர்வீட்டுப் பெண். கார்மென்ட் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். நான் மெஷின் மிதிப்பதைப் பார்த்துவிட்டு, ‘எப்படிக்கா உங்களுக்கு இது பிடிக்குது? நான் நாள் முழுக்க காலர் மட்டும்தான் தைக்கிறேன். மணிக்கு இத்தனைன்னு டார்கெட். வீட்டுக்கு வந்தா ஊசியைக் கண்ணால பார்க்கப் பிடிக்கல’ என்றாள்.

யோசித்துப் பாருங்கள். 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்த பிறகு எத்தனையோ குடும்பங்கள் நிமிர்ந்தது இந்தக் கம்பெனி வேலைகளால்தான். அந்தச் சம்பளத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டு அடுப்பே அதில்தான் எரிகிறது. ஆனால் அவள் கையிலும் ஊசி, என் கையிலும் ஊசி. அவளுக்கு அது கழுத்து வலி, எனக்குத் தூக்க மருந்து. அப்படியானால் மருந்து ஊசியில் இல்லை, யாரும் விரட்டாத அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. அதையும் ஆர்டர், டெலிவரி என்று விற்றுவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன?

இது என் சொந்த அனுபவம் மட்டும் இல்லை. முதல் உலகப் போரில் உடலும் மனமும் நொறுங்கிப் போன சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரிகளில் கூடை முடையவும் நெய்யவும் பின்னவும் சொல்லிக்கொடுத்தார்கள். ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்ற மருத்துவத் துறை வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். 2013-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் பல நாடுகளிலும் பின்னல் போடுகிற 3,500-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டபோது, அடிக்கடி பின்னுகிறவர்கள் மனசு அமைதியாகவும் சந்தோஷமாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், 70 முதல் 89 வயதுள்ளவர்களில் கைவேலை, வாசிப்பு போன்ற பழக்கம் உள்ளவர்களிடம் லேசான மறதிக் கோளாறு குறைவாகத் தெரிந்தது. உடனே ‘பின்னினால் மறதியே வராது’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மூளை நன்றாக இருப்பவர்கள்தான் பின்ன உட்காருகிறார்களோ என்னவோ! நான் பிரஷர் மாத்திரையை நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள். ஆனால் மார்கழி முடியும்போது 2 மணி முழிப்பு வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளாகக் குறைந்திருந்தது.

‘அப்போ காசு சம்பாதிப்பது தப்பா?’ என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில், அரூர் தாண்டி, சிட்லிங்கி என்று ஒரு மலைப் பள்ளத்தாக்கு. அங்கே 1993-ல் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதி ஒரு குடிசையில் பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை தொடங்கினார்கள். அந்த வட்டாரத்து லம்பாடிப் பெண்களின் பூத்தையல் அநேகமாக மறந்தே போயிருந்தது. ஞாபகம் வைத்திருந்த ஒருசில மூத்த பெண்களிடமிருந்து இளையவர்கள் அதைத் திரும்பக் கற்றுக்கொண்டார்கள். ‘பொர்கை’ என்ற பெயரில் இன்று அது அவர்களுக்கு வருமானமும் தருகிறது. பொர்கை என்றால் அவர்கள் பேச்சில் பெருமை என்று பொருள். கற்றுக்கொண்டதும் தைப்பதும் சொந்த ஊரிலேயே, தெரிந்த முகங்களோடு. தேவை இருப்பவர்கள் தாராளமாகச் சம்பாதிக்கட்டும். ஆனால் தேவை இல்லாத வீட்டிலும் ‘விலை என்ன’ என்று கேட்டுத்தான் ஒரு பெண்ணின் நேரத்துக்கு மரியாதை தருவோம் என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உட்காருவதற்கு முன்னால்...

கைவேலையிலும் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வழி உண்டு. என் அனுபவத்தில் சில எச்சரிக்கைகள்:

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வரும். கண்ணைச் சுருக்கி ஊசி கோக்காமல் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போடுங்கள். வலது கைக்காரர்களுக்கு விளக்கு இடது பக்கம் இருந்தால் நிழல் விழாது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றுங்கள், தூரத்தில் எதையாவது பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் ராத்திரியில் மரத்துப்போனால் மணிக்கட்டு நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். வேலையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருந்தால் ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால், தரையில் விழுந்த ஊசி ஏறினால்கூடத் தெரியாது. புண் ஆன பிறகுதான் தெரியும். குண்டூசியை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையும் அதையே செய்யும்.

கடைசியாக ஒரு வார்த்தை, இது ஆண்களுக்கு. எங்க ஏரிக்கரையில் கிழிந்த வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மீன்காரரைப் பார்க்கும்போதெல்லாம், ஊசி-நூல் பெண்களுக்கு மட்டும் என்று யார் சொன்னது என்று தோன்றும். என் வீட்டுக்காரரும் இப்போது தன் சட்டைப் பித்தானைத் தானே தைக்கிறார். கோணலாகத்தான். ஆனாலும் ‘எவ்வளவு வரும்?’ என்று இப்போது கேட்பதில்லை.

மகன் பொங்கலுக்கு வந்தபோது கேட்டான்: ‘ஏம்மா, இந்தத் தொப்பிக்கு நீ போட்ட நேரத்துக்கு, கடையில ரெண்டு வாங்கியிருக்கலாமே?’

‘வாங்கியிருக்கலாம்தான்பா. ஆனா அந்த ராத்திரியெல்லாம் உங்கம்மா தூங்கினாளே, அதை எந்தக் கடையில வாங்குவே?’ என்றேன்.

இன்று ராத்திரி உங்கள் வீட்டிலும் ஒருவர் பழைய ஒயர் கூடையையோ, குரோஷா ஊசியையோ எடுத்து வைத்துக்கொண்டு உட்காரலாம். விலை கேட்காதீர்கள். விளக்கைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வையுங்கள், போதும்.