வாரா அம்புலியும் விரல்தொட வரும் படமும்



விளக்கேற்றும் வேளைக்குப்பின் ஆலங்காயத்துத் தெருவொன்றில் நடந்து பாருங்கள். திண்ணைதோறும் ஒரு குழந்தை. குழந்தைதோறும் ஒரு கைப்பேசி. வாய் திறக்கின்றது, சோறு செல்கின்றது, விழி மட்டும் ஒளித்திரையை விட்டு அகல்வதில்லை. ஊட்டுகின்றவள் தாயா, பாட்டியா என்பதும் அக்குழந்தைக்குத் தெரியாது. உண்டது சோறா, களியா என்பதும் தெரியாது. சவ்வாது மலைக்குமேல் நிலவு எழுந்து நிற்கின்றது. ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. இத்துணைக்கும், தெளிந்த இருள்வானம் வேண்டுமென்று தேடி அறிவியலார் வந்தமர்ந்த மலை இது! யுரேனசுக் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்று 1977-இல் உலகம் கண்டறிந்தபோது, காவலூர்த் தொலைநோக்கியும் அதற்குச் சான்று பகர்ந்தது. அம்மலையடியில் பிறந்த பிள்ளைக்கு இன்று வானம் என்பது உள்ளங்கையளவு.

அயலார் வீட்டைக் குறைகூற இதனை எழுதவில்லை. முதற் குற்றவாளி நானே. சென்ற கோடையில் என் மகள்வழிப் பெயரன், மூன்றகவை நிரம்பியவன், எங்கள் வீட்டில் இரு திங்கள் தங்கியிருந்தான். பிறமொழிச் சொற்களைக் களைவது பற்றி நான் எழுதிய கட்டுரையின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவன் என் வேட்டியைப் பிடித்திழுத்தான். கைப்பேசியைக் கொடுத்து விட்டேன். நாளுக்கு அரைமணி என்று தொடங்கியது, ஒரு கிழமைக்குள் உண்ணும்பொழுதெல்லாம் என்றாயிற்று. ஒரு முழுநிலா இரவில் அவனைத் தோளிலேற்றி வாயிலுக்குக் கொண்டுவந்து, "அதோ பார், நிலா!" என்றேன். இரண்டு நொடி பார்த்தான். பிறகு, "நெக்ஸ்ட்டு" என்றான்.

முப்பதாண்டுகளாகத் தமிழ்ப்பாடம் நடத்துகின்றவன் தோளின்மேல் அமர்ந்துகொண்டு நிலவைத் தள்ளிவிடச் சொல்கின்றான் என் பெயரன்! அன்றிரவு என்னைச் சுட்டது அவ்வாங்கிலச் சொல்லே. மறுநாள்தான் எனக்குத் தெளிந்தது: 'அடுத்தது' என்று அவன் நற்றமிழிற் சொல்லியிருந்தாலும் கேடு அதே கேடுதான்.

பிள்ளைத்தமிழை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன்மேற் பாடியது முதலாக எத்தனை பிள்ளைத்தமிழ்கள்! காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவங்களை வகுத்து, மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள்வரை ஒற்றைப்பட்ட திங்கள்களில் நிரலாக நிறுத்தினர் பாட்டியலார். தால் என்பது நாக்கு. நாவசைத்துப் பாடுவது தாலாட்டு. சப்பாணி, கைகொட்டுதல். எப்பருவத்தை எடுத்தாலும் குழந்தைக்கு எதிரே ஓர் ஆள் இருப்பார். அவர் கேட்பார், குழந்தை செய்யும், செய்யாவிடின் மீண்டும் கேட்பார். இவற்றுள் பாடுதற்கு அரியது அம்புலி. 'பிள்ளைத்தமிழுக்கு அம்புலி புலி' என்று புலவரே அஞ்சிய பருவம். தாய் நிலவை விளையாட அழைக்கின்றாள். இன்சொல்லால் அழைக்கின்றாள், வேற்றுமை காட்டி அழைக்கின்றாள், கொடை காட்டியும், பின்னர் ஒறுப்புக் காட்டியும் அழைக்கின்றாள். நிலவு வருவதில்லை.

வருவதில்லை என்பதே அப்பருவத்தின் உயிர். வாராத ஒன்றுக்காகத் தாயும் சேயும் கூடிக் காத்திருக்கும் அவ்வேளையில்தான் சொல் பிறக்கின்றது. 'வா' என்னும் ஏவலும், 'வரவில்லை' என்னும் எதிர்மறையும், 'நாளை வருமா' என்னும் எதிர்கால வினாவும் குழந்தைக்கு அங்கேதான் வாய்க்கின்றன. இலக்கணம் கற்பிக்கின்றவன் என்பதால் கேட்கின்றேன்: விரல் தொட்டவுடன் வந்துவிடும் பொருளுக்கு எதிர்காலம் எதற்கு? எதிர்மறை எதற்கு?

தொலைக்காட்சிக் காலத்திற்கூட இத்துணைக் கேடு இல்லை. 2007-இல் சுட்டி டிவி வந்தது. தான் விரும்பும் படத்திற்குரிய நேரம் வரும்வரை குழந்தை காத்திருந்தது; நேரம் முடிந்தால் படமும் முடிந்தது. இன்றோ ஒரு படம் முடிந்தவுடன் மற்றொன்று தானே தொடங்குகின்றது. 2016-க்குப்பின் இணையம் மலிந்தது. கொரோனாக் கொள்ளைநோயால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அவ்விடைக்காலத்தில் கல்வியின் பெயரால் வீடுபுகுந்த கருவி, பள்ளி திறந்தபின் வெளியேற மறுத்துவிட்டது.

இதனை இலவயம் என்று நம்புகின்றோம். விலை கொடுப்பது குழந்தை. சிறுவர் பற்றிய செய்திகளைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டி விளம்பரத்திற்குப் பயன்படுத்தினர் என்னும் வழக்கைத் தீர்த்துக்கொள்ள, 2019-இல் கூகுளும் யூடியூபும் அமெரிக்காவிற் கொடுத்த தொகை 17 கோடி தாலர். ஐபேடு கருவியை உலகிற்கு விற்ற இசுடீவ் சாப்சு, தம் பிள்ளைகள் அதனைப் பயன்படுத்தியதில்லை என்று 2010-இல் செய்தியாளர் ஒருவரிடம் கூறினார். விற்பவன் வீட்டுக்கு ஆகாதது நம் வீட்டுக்கு மட்டும் ஆகுமோ?

இனி, நம் தோழர்களோடு எனக்கொரு வழக்குண்டு. "ஆங்கிலப் படத்திற்கு மாறாகத் தூயதமிழ்ப் படங்களை நாமே செய்து விடுப்போம், சிக்கல் தீரும்" என்கின்றனர். சென்னையில் 2013-இல் தோன்றிய சூசூ டிவி ஆங்கிலச் சிறுவர் பாட்டுகளைப் படமாக்கி உலகெங்கும் விடுத்தது; அவை பல நூறு கோடி முறை பார்க்கப்பெற்றன. தமிழ்மண்ணில் செய்யப்பெற்ற படத்தைப் பார்த்துத் தமிழ்க்குழந்தை 'சானி சானி' என்று பாடுவது எனக்கும் எரிச்சலே. ஆனால் அந்நிறுவனம் பின்னர்த் தமிழிலும் பாட்டுகளை வெளியிட்டதே! அதனால் அம்புலி மீண்டதா?

2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கின்றேன். அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா கூல் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும், ஒன்பது திங்கட் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளிற் சீனமொழியைக் கேட்பித்தனர். நேரில் அமர்ந்து ஒருவர் பேச, விளையாடக் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிவேறுபாட்டைப் பற்றிக்கொண்டன. அதே பேச்சைத் திரையிற் கண்ட குழந்தைகளோ எதனையும் பற்றவில்லை. சீனத்திற்கு உள்ளது செந்தமிழுக்கு இல்லாமற் போகுமா? சுட்டி டிவியில் டோரா என்னும் சிறுமி தமிழில் வினாவெழுப்பி, விடைக்குச் சற்றே நிறுத்துவாள். குழந்தை சரியாகச் சொன்னாலும், தவறாகச் சொன்னாலும், வாயே திறக்காவிட்டாலும் கிடைப்பது ஒரே பாராட்டு. இத்தகைய ஆசிரியரை எந்தப் பள்ளி வைத்துக்கொள்ளும்?

தாய்மாரைப் பழிப்பவரோடும் நான் சேரமாட்டேன். விடியலிற் பேருந்தேறி வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் தோல்தொழிற்சாலை, காலணித் தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் பெண், மாலையில் திரும்பி உலை வைக்கவேண்டும், துணி துவைக்கவேண்டும், பிள்ளைக்கும் ஊட்டவேண்டும். பத்து நிமையம் பிள்ளை அழாமலிருக்க அவள் அக்கருவியைக் கொடுத்தால், அவளைக் குற்றக்கூண்டில் ஏற்ற எவருக்குத் தகுதியுண்டு? அப்பொழுது தந்தை எங்கே? தேநீர்க்கடையில் இருப்பான், அவனும் ஒரு கைப்பேசியோடு. இன்னுஞ் சிலர் நம் இயக்கக் கூட்டத்தில் 'தாய்மொழி காப்போம்' என்று முழங்கிக்கொண்டிருப்பர். தாய்மொழியைத் தாய் ஒருத்தியே தந்துவிடவேண்டும் போலும்!

உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் தெளிவாகவே உரைத்தது: ஓரகவைக் குழந்தைக்குத் திரையே வேண்டா, இரண்டு முதல் நான்கு அகவைவரை நாளுக்கு ஒருமணிக்கு மிகவேண்டா, குறையக் குறைய நன்று. இரண்டகவைக்குட்பட்டார்க்குத் திரை அறவே கூடாதென்று 2024-இல் சுவீடன் நாட்டுப் பொதுநலவாழ்வு முகவகமும் கூறியது. இதனை நம் பேறுகால மருத்துவமனைகளிலும் அங்கன்வாடிகளிலும் தமிழில் எழுதி மாட்ட அரசுக்கு என்ன தடை? அதற்காகக் காத்திராமல், இவ்விதழ் புகும் வீடுகளிலேனும் உண்ணும் வேளையிற் கைப்பேசி பரண்மேல் ஏறட்டும். தந்தையோ தாத்தாவோ ஊட்டட்டும். அன்றிக் குழந்தையே உண்ணட்டும். உண்கலத்திற் கையிட்டுத் துழாவி மெய்யெல்லாம் சோற்றைப் பூசிக்கொள்ளும் குழந்தையின் அழகைப் புறநானூற்றிற் பாடியவன் ஒரு பாண்டிய மன்னன், அறிவுடைநம்பி. முடிமன்னனுக்கு அதனைக் கண்டு நிற்கப் பொழுதிருந்தது, நமக்கில்லையாம்!

என் வீட்டிற் கைப்பேசியைப் பரணேற்றிய முதல்நாள், பெயரன் உண்ணவேயில்லை. அழுது அழுது தூங்கிப்போனான். என் துணைவியார் என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாளும் அழுகைதான். ஆயினும் நிலவைக் காட்டியபோது அழுகையினூடே நான்கு வாய் வாங்கினான். முழுநிலாவுக்குப்பின் நாளுக்கு நாள் நிலவு காலந்தாழ்த்து எழுமல்லவா? நான்காம் நாள் அவன் உண்ண அமர்ந்தபொழுது மலைக்குமேல் ஒளியே இல்லை. சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தான்.

"நிலா ஏன் இன்னும் வல்ல தாத்தா?"

விடைசொல்லி முடிக்க எனக்கு அரைமணி ஆயிற்று. சோறு ஆறிப்போயிற்று.