கருகின காபி

முன்ஜாக்கிரதையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பவன் இல்லை. கொள்கை, கிள்கை எதுவும் கிடையாது. அப்பா குடித்தார், அவ்வளவுதான். ராத்திரி கேட் திறக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பி.காம். சேர்வதற்கு முன்பே கற்ற கணக்கு அது.

அதனால் போன மாதம் அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்து பெண்ட் என்கிற ஊரில், பெரியம்மா பையன் ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டியபோது கை கொஞ்சம் தயங்கியது.

‘‘இது என்னண்ணா, கஷாயமா?’’

‘‘போர்ட்டர்டா. இந்த ஊர்ச் சரக்கு. சும்மா மோந்து பாரு.’’

டெஷூட்ஸ் என்று இங்கே ஓடுகிற ஆற்றின் பெயரில், அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிற சின்னக் கடையாக 1988-ல் ஆரம்பித்ததாம். பக்கத்து எரிமலைக் குன்றின் பெயரை வைத்து, ‘பிளாக் பியூட்’. ஊரே வெளிர் மஞ்சள் பீர் குடித்துக்கொண்டிருந்தபோது முதல் வருஷமே கறுப்பை இறக்கியிருக்கிறார்கள். என்னிடம் லோன் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

மோந்து பார்த்தேன். நான் பயந்த வாசனை இல்லை. கும்பகோணத்தில் அம்மா காபிக்கொட்டை வறுக்கும்போது ஒரு நிமிஷம் கூடிப்போனால் வருமே, அது!

காரணம் இருக்கிறது. போர்ட்டர் பிறந்தது 18-ம் நூற்றாண்டு லண்டனில். சுமை தூக்கும் ஆட்கள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயர். முளைகட்டிய பார்லியை விறகுத் தீயில் பழுப்பேற உலர்த்திக் காய்ச்சினார்கள். பிறகு ஹைட்ரோமீட்டர் வந்தது. அளந்து பார்த்தால், வெளிர் மால்ட் விலை அதிகம்தான். ஆனால் அதிலிருந்து இறங்கும் சர்க்கரை அதைவிட அதிகம். அசல் காஸ்ட் அக்கவுண்டிங்! எல்லோரும் மாறினார்கள். லாபம் வந்தது, நிறம் போயிற்று. கருக்கிய சர்க்கரை, அது இது என்று கலக்க, அரசாங்கம் தடை போட்டது. 1817-ல் டேனியல் வீலர் என்பவர், காபிக்கொட்டை வறுக்கிற மாதிரி சுழலும் உருளையில் மால்ட்டைக் கருக வறுத்து பேட்டன்ட் வாங்கினார். கொஞ்சம் போட்டால் போதும், அண்டா முழுக்கக் கறுப்பு. ஆக, அம்மாவின் வாணலிக்கும் இந்த டம்ளருக்கும் தூரத்து உறவு.

‘‘உடனே குடிக்காதே. ரொம்ப ஜில்லுனு இருந்தா நாக்கு மரத்துடும், ருசி தெரியாது.’’

பத்து நிமிஷம் காத்திருந்தோம். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரம் நன்னாரி சர்பத் சிவப்பு. முதல் வாய், சர்க்கரை போடாத சாக்லேட். அப்புறம் லேசாக ஒரு தித்திப்பு. விழுங்கின பிறகு அடிப்பிடித்த ரொட்டியின் கசப்பு, அது மட்டும் போகாமல் நாக்கிலேயே உட்கார்ந்திருந்தது. ஆல்கஹால் ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே.

மூன்றாவது வாயோடு வைத்துவிட்டேன். நன்றாக இருந்தது. அதுதான் பயம். அப்பா ருசி பார்த்து நான் பார்த்ததே இல்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரே மடக்கு. மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி.

அண்ணா வற்புறுத்தவில்லை. சித்தப்பாவை அவருக்கும் தெரியும். மிச்சத்தைப் பேசாமல் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டார்.

ராத்திரி அம்மா போன். அங்கே காலை.

‘‘காபியெல்லாம் கிடைக்குதாடா?’’

‘‘கிடைக்குதும்மா. கொஞ்சம் கருகின காபி.’’

‘‘வறுக்கத் தெரியலை போலிருக்கு’’ என்றாள்.