தோட்டம் துரவு: தென்னையின் இரண்டு சத்துருக்கள்

தஞ்சை என்றால் நெல் என்பது பாதி வாஸ்தவந்தான். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னையே. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் அத்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. தப்பிய மரங்களையும் பின்னர் நட்ட கன்றுகளையும் இரண்டு பூச்சிகள் வருத்துகின்றன.

ஒன்று, காண்டாமிருக வண்டு. நம் ஊர்ப் பிரஜைதான். விரியாத குருத்தைக் குடைந்து தின்னும். குருத்து விரியும்போது கத்தரியால் வெட்டினாற்போல் மட்டை காட்சி தரும். எருக்குழியிலும் மட்கிய தென்னந்தடியிலும் முட்டையிடும். இதைக் கொக்கிக் கம்பியால் குத்தி இழுக்கலாம். ஆமணக்குப் புண்ணாக்கை நீரில் ஊறவைத்த பானையில் விழச் செய்யலாம். (நமக்குப் பழகிய இவ்வண்டு, 1909-ல் இலங்கையிலிருந்து போன ரப்பர்க் கன்றுகளோடு ஸமோவாத் தீவுக்குக் குடியேறிற்று. அங்கே அதுதான் அந்நியச் சத்துரு!)

மற்றொன்று, சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கத்தில் முதன்முதலாக நம் நாட்டில் தென்பட்டது. இது குடைவதில்லை, கடிப்பதில்லை. ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சுகிறது. அது கழிக்கும் தேன்போன்ற நீர் கீழ் மட்டைகளிலும் ஊடே நட்ட வாழையிலும் சொட்ட, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. தோப்பு முழுதும் கரி பூசினாற்போல் ஆகிவிடும். இதைக் கண்ட குடியானவர் மருந்துக்கடைக்கு ஓடுவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அங்கேதான் விபரீதம். என்கார்சியா என்னும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு குளவி, இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கிறது. முன்னமே வந்திருந்த வேறொரு சுருள் வெள்ளை ஈயைத் தொடர்ந்து, யாரும் அழைக்காமலே நம் நாட்டுக்கு வந்த உபகாரி அது. விஷமருந்து தெளித்தால் முதலில் மடிவது குளவிதான். ஈயோ மீண்டும் பெருகிவிடும்.

குளவியை நம்பலாமா என்று கேட்பவர்கள் பப்பாளி மாவுப்பூச்சியை நினைத்துப் பார்க்கட்டும். 2008-ல் கோயம்புத்தூரில் தலைகாட்டிப் பப்பாளியையும் மல்பெரியையும் அது பாழாக்கிற்று, எம்மருந்துக்கும் மசியவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகைக் குளவிகளைத் தருவித்து விட்டார்கள். சில மாதங்களில் தோட்டங்கள் தேறின.

எனவே மருந்துப் புட்டியைத் திறக்குமுன் ஓர் ஓலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக் கூடுகளிடையே கறுத்தவை இருந்தால் குளவி வந்துவிட்டது. அவ்வோலையைத் துண்டுகளாக நறுக்கி, குளவி இல்லாத தோப்பில் பத்து மரத்துக்கு ஒன்றாகக் கட்டலாம். கரும்பூசணத்துக்கு, லிட்டர் நீருக்கு 25 கிராம் மைதா வீதம் கஞ்சி காய்ச்சித் தெளித்தால் போதும். வெயிலில் காய்ந்து பொருக்காக உதிரும்போது கரியும் கூடவே உதிர்ந்துவிடும்.