டுவாட்டாரா: மெதுவாக நடந்தாலும் நின்றுவிடவில்லை

நியூசிலாந்தின் டுவாட்டாரா பார்வைக்கு ஓணான்தான். ஆனால் பல்லி, பாம்பு வம்சத்திலிருந்து அது பிரிந்து ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகள் ஆகின்றன. 2020-இல் வெளியான அதன் மரபணுத்தொகுதி சுமார் 500 கோடி எழுத்துகள் கொண்டது. மனிதனுடையதோ 300 கோடிதான். அளவைவிட முக்கியம், உள்ளே இருப்பது. பிளாட்டிபஸ் போன்ற முட்டையிடும் பாலூட்டிகளுக்கே உரியவை எனக் கருதப்பட்ட சில மரபுத்துண்டுகள் இதிலும் கிடக்கின்றன. இரண்டும் தனித்தனியாகப் பெற்றிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் ஊர்வனவுக்கும் பாலூட்டிக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து இரண்டுக்கும் வந்த சொத்து என்பதே பொருத்தமான விளக்கம். அதற்காக டுவாட்டாராவை மாறாத 'வாழும் புதைபடிவம்' என்பதும் சரியல்ல. இதன் மரபணு மெதுவாக மாறியது உண்மை. ஆனால் இந்த வம்சம் ஒரே வடிவில் நின்றுவிடவில்லை: அழிந்துபோன இதன் உறவினங்களில் சில கடலில் நீந்தி வாழ்ந்தவை. அந்தப் பட்டத்தைப் பாடநூல்கள் இனியாவது கைவிட வேண்டும்.