முதல் அறுவையும் அடுத்த பிரசவமும்

முதற்குழந்தை சிசேரியனில் பிறந்திருப்பின் அடுத்ததும் அவ்வாறே பிறத்தல் வேண்டுமா? செகந்திராபாத்தை அடுத்த போவன்பள்ளியில் மீண்டும் கருவுற்ற தாய்மாருக்கு இவ்வினா எழுதல் இயல்பே. அவர்கள் வாழும் தெலங்கானாவில், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நூற்றுக்கு 60.7 பிரசவங்கள் சிசேரியன் முறையில் நிகழ்ந்தன. இந்தியா முழுவதற்கும் இவ்வளவு 21.5 ஆகும்.

ஒருமுறை சிசேரியன் எனில் என்றும் சிசேரியனே என்று 1916-இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதினார். அவசியமின்றி முதல் அறுவையைச் செய்யலாகாது என்பதே அவர் விடுத்த எச்சரிக்கை. அந்நாளில் கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காகக் கீறினர். இக்காலத்தில் பெரும்பாலும் கீழ்ப்பகுதியைக் குறுக்காகக் கீறுகின்றனர். இத்தழும்பு அதனினும் உறுதியானது. இத்தகைய தழும்பு ஒன்றே உடைய, தகுதியுள்ள தாய்மார் இயற்கைப் பிரசவத்திற்கு முயன்றால் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் வெற்றி பெறுகின்றனர். தழும்பு கிழியும் அபாயம் நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. ஆயினும் அது நேருமாயின் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தாகும். ஆகவே, உடனே அறுவை செய்யவும் இரத்தம் ஏற்றவும் வசதியுள்ள மருத்துவமனையிலேயே முயலுதல் வேண்டும். மறுபுறம், அறுவைகள் பெருகப் பெருக, நச்சுக்கொடி தழும்பில் ஆழப் பற்றிக்கொள்ளும் கோளாறும் மிகுகின்றது.

எமது கருத்து இதுவே: முதல் அறுவைக்குரிய காரணத்தையும் கருப்பையில் இட்ட கீறலின் வகையையும் குறித்த சீட்டை ஒவ்வொரு தாய்க்கும் மருத்துவமனை அளித்தல் வேண்டும். அஃதின்றி அடுத்த மருத்துவர் துணிந்து முடிவு கூறுதல் அரிது. இருவழியின் நன்மை தீமைகளையும் எடுத்துரைத்தல் மருத்துவர் கடன். அறிந்து தேர்ந்தெடுத்தல் தாயின் உரிமை.