மான் வேட்டைக்கு 'நைட் விஷன்' அனுமதி: ஸ்காட்லாந்து சட்டத்தை மாற்றியது ஏன்? அந்தி வெளிச்சத்தில் எந்த ஸ்கோப் உதவும்?

டிசம்பர் மாதத்தில் எடின்பரோ நகரில் மாலை 3.40 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மறுநாள் காலை 8.40 வரை தலைகாட்டாது. மான்கள் மேய வெளியே வருவதோ அந்தியிலும் விடியலிலும்தான். சுடுபவருக்கு மான் தெரியாத நேரம்தான் மானுக்கு வசதியான நேரம். ஸ்காட்லாந்தில் சில ஆண்டுகளாக நடக்கும் பெரிய சர்ச்சை ஒன்றின் அடிப்படை இந்த ஒரு முரண்தான்.

2023 நவம்பர் 3-ஆம் தேதி அங்கே ஒரு சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் கருவி, உடல் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் கருவி என இரவில் சுடுவதற்கென்றே செய்யப்பட்ட ஸ்கோப்புகளை மான் மீது பயன்படுத்த 1985-ஆம் ஆண்டு உத்தரவு தடை விதித்திருந்தது. அந்தத் தடை நீங்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், அக்டோபர் 21 முதல், ஆண் மான்களைச் சுடக் கூடாத 'ஓய்வுக் காலமும்' ரத்தாகியிருந்தது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். மானைக் கொன்றால் சிறை என்று கேட்டே பழகிய நமக்கு, 'இன்னும் கொல்லுங்கள்' என்று ஓர் அரசே சொல்வது விநோதமாகத்தான் இருக்கும். ஆனா, அங்கே கதை வேறு.

கொல்லச் சொல்வது ஏன்?

ஓநாய் போன்ற பெரிய வேட்டை விலங்குகள் ஸ்காட்லாந்தில் அழிந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. மானைத் தின்ன ஆளில்லை. 1990-இல் சுமார் 5 லட்சமாக இருந்த மான்கள் இப்போது 10 லட்சம் வரை இருக்கலாம் என்கிறது அரசுத் தரப்பு மதிப்பீடு. செம்மான், ரோ மான் இரண்டும் மண்ணின் இனங்கள். சிகா, ஃபேலோ இரண்டும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. நான்கும் சேர்ந்து இளங்கன்றுகளை மேய்ந்துவிடுவதால் காடு தானாக வளர்வதில்லை. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க மரம் வளர்ப்பதைப் பெரிய திட்டமாக வைத்திருக்கும் அரசுக்கு இது நேரடி நஷ்டம்.

2017-இல் அமைக்கப்பட்ட மான் பணிக்குழு, 99 பரிந்துரைகளுடன் கொடுத்த அறிக்கை 2020-இல் வெளியானது. மேலே சொன்ன மாற்றங்கள் அதன் தொடர்ச்சிதான். ஈயம் இல்லாத தோட்டாக்கள் எடை குறைவானவை என்பதால், தோட்டாவின் குறைந்தபட்ச எடையையும் 100 கிரெய்னிலிருந்து 80 கிரெய்னாகக் குறைத்தார்கள்.

அப்படின்னா இனி ராத்திரி முழுக்கச் சுடலாமா? கிடையாது. இங்கதான் பலரும் குழம்புகிறார்கள். கருவிக்கு இருந்த தடை போனதே தவிர, நேரத்துக்கு இருந்த தடை அப்படியே இருக்கிறது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி, மறுநாள் உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு முடிவது சட்டத்தின் கணக்கில் 'இரவு'. டிசம்பர் எடின்பரோவில் அது மாலை 4.40 முதல் காலை 7.40 வரை. அந்த நேரத்தில் சுட, இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர்ஸ்காட் தரும் அனுமதி வேண்டும். பயிருக்கோ காட்டுக்கோ கடும் சேதம் வருவதைத் தடுக்க என்ற காரணத்துக்குத்தான் அது கிடைக்கும். ஆக, அனுமதி இல்லாத சாதாரண வேட்டைக்காரருக்குக் கூடுதலாகக் கிடைத்தது அந்திக்குப் பிறகான அந்த ஒரு மணி நேரமும், விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரமும்தான். ஏற்கெனவே சட்டப்படி இருந்த நேரம். கண்ணுக்குத் தெரியாததால் பயன்படாமல் இருந்தது.

அங்கே மான் வேட்டைக்காரரை 'ஸ்டாக்கர்' என்பார்கள். நம்மூரில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் அர்த்தமே வேறு என்பதால் அதை இங்கே தவிர்ப்போம்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்த ஸ்கோப்?

தெர்மல் வருவதற்கு முன்பு இந்தக் கேள்விக்குக் கண்ணாடியில்தான் விடை தேடினார்கள். இன்றும் பெரும்பாலானவர்களின் துப்பாக்கியில் இருப்பது கண்ணாடி ஸ்கோப்தான்.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். கண்ணாடி ஸ்கோப் எதுவும் வெளிச்சத்தை உண்டாக்காது. வருகிற வெளிச்சத்தைச் சேர்த்துக் கண்ணுக்குள் அனுப்பும், அவ்வளவுதான். கடையில் '8x56' என்று சொன்னால், 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 56 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 56-ஐ 8-ஆல் வகுத்தால் 7. ஸ்கோப்பின் பின்பக்கத்திலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இருட்டில் மனிதக் கண்மணி அதிகபட்சமாக விரிவதும் ஏறக்குறைய 7 மி.மீ.தான். இரண்டும் பொருந்தினால் கண்ணுக்குக் கிடைக்கக்கூடிய வெளிச்சம் முழுதும் கிடைத்துவிடும். ஜெர்மனியில் நிலா வெளிச்சத்தில் மரப் பரணில் உட்கார்ந்து காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவர்கள் 8x56-ஐத் தலைமுறைகளாகக் கொண்டாடுவதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சின்ன வகுத்தல் கணக்குதான்.

ஆனா, 7 மி.மீ. என்பது இளைஞர்களின் கண். 50 வயதைத் தாண்டிய பலருக்குக் கண்மணி 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். அவர் 8x56 வாங்கினால் 7 மி.மீ. கற்றையின் விளிம்பு கண்ணுக்குள் போகாமல் வீணாகும். இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. வாங்கும் வசதி பெரும்பாலும் அந்த வயதில்தான் வருகிறது என்பது தனிச் சோகம்.

மலிவாகக் கிடைக்கும் 3-9x40 ஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். இருட்ட ஆரம்பித்ததும் பலர் செய்யும் தவறு, மான் சரியாகத் தெரியவில்லை என்று 9 மடங்குக்குத் திருப்புவது. 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. படம் பெரிதாகும், கூடவே மங்கும். அதையே 6-க்குக் குறைத்தால் 6.7 மி.மீ.; காசு செலவில்லாமல் படம் பிரகாசமாகிவிடும். அதுக்காக மடங்கைக் குறைத்துக்கொண்டே போனாலும் பலனில்லை. வெளிச்சம் இருக்கும், விவரம் இருக்காது. மடங்கையும் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதை 'அந்தி எண்' என்பார்கள். 7x50-க்கு அது 18.7, 8x56-க்கு 21.2. ஒளிக்கற்றை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அரையிருட்டில் கொம்பா கிளையா என்று பிரித்துப் பார்க்க இரண்டாவதே மேல்.

இந்த எண்களில் சேராத விஷயம் ஒன்று உண்டு: கண்ணாடியின் தரம். பூச்சில்லாத லென்ஸின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். ஸ்கோப்புக்குள் பல லென்ஸ்கள் இருப்பதால் இழப்பு சேர்ந்துகொண்டே போகும். நல்ல பல அடுக்குப் பூச்சு இருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் கண்ணுக்கு வந்து சேரும். அரையிருட்டில் மனிதக் கண் சிவப்பை இழந்து நீலப்பச்சைக்குத்தான் அதிகம் உணர்வு காட்டும். அந்த நிறத்தை நன்றாகக் கடத்துகிறதா என்பதுதான் உண்மையான சோதனை. அதைக் கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்டுபிடிக்கவே முடியாது.

கறுப்பு மான் மீது கறுப்புக் குறிக்கோடு தெரியாமல் போவதுதான் கடைசி நிமிடச் சிக்கல். அதற்கு நடுவில் ஒளிரும் சிவப்புப் புள்ளி உதவும், அளவாகக் குறைத்துவைத்தால் மட்டும். பிரகாசத்தைக் கூட்டினால், இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் எடுத்துக்கொண்ட கண் நொடியில் கெட்டுவிடும்.

தெர்மல் எல்லாவற்றையும் காட்டுமா?

டிஜிட்டல் நைட் விஷன், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கை அடித்து அதன் எதிரொளியைத் திரையில் காட்டும். தெர்மலுக்கு விளக்கே வேண்டாம், உடலின் வெப்பமே படமாகிவிடும். முழு இருட்டில் புதருக்குப் பின்னால் நிற்கும் மான்கூட வெள்ளைப் பொட்டாகத் தெரியும். மான் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆயிரம் பவுண்டுக்கும் குறைவான விலையில் தொடங்கிப் பல ஆயிரம் பவுண்டு வரை போகிறது.

ஆனா 'இருக்கிறது' என்பது வேறு, 'எது' என்பது வேறு.

முற்றிய கொம்பு உயிரற்ற எலும்பு. அதில் ரத்த ஓட்டம் கிடையாது, வெப்பமும் கிடையாது. கோடையில் வெல்வெட் தோல் போர்த்தி வளரும்போது பளிச்சென்று தெரியும் கொம்பு, முற்றியபின் தெர்மல் படத்தில் மங்கிப்போகும். தோட்டாவின் பாதையில் குறுக்கே நிற்கும் மெல்லிய குச்சிகளும் அப்படித்தான். மழைக்குப் பிறகு மண், கல், சரிவு எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டால், குறி தவறும் தோட்டாவைத் தாங்க மானுக்குப் பின்னால் மேடு இருக்கிறதா, வெறும் வானமா என்பதுகூடச் சந்தேகமாகிவிடும். தவறிய தோட்டா மைல் கணக்கில் போகும்.

வேட்டைக்காரர்களின் தரப்பும் ஒரே குரலில் பேசவில்லை. மரக்கன்று நட்டு நஷ்டப்பட்ட எஸ்டேட்டுகளுக்கு இந்தக் கருவிகள் வரம். ஸ்காட்டிஷ் கேம்கீப்பர்ஸ் அசோசியேஷன் போன்ற அமைப்புகளின் கோபமோ ஓய்வுக் காலம் ரத்தானதில்தான் அதிகம். செம்மானின் இணைசேரும் பருவம் செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபர் வரை போகும். அந்த வாரங்களில் சரியாகச் சாப்பிடாமல் சண்டையிட்டே இளைத்துப்போன ஆண் மானைக் குளிர்காலத்திலும் துரத்துவது மரியாதை இல்லாத வேலை என்பது அவர்கள் வாதம். மான் எண்ணிக்கையை உண்மையில் கட்டுப்படுத்துவது பெண் மான்களின் கணக்குதானே என்ற அவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இரண்டு மாற்றங்களும் மோதிக்கொள்ளும் இடம் நாள்காட்டியில் இருக்கிறது. பெண் செம்மானுக்கு ஓய்வுக் காலம் நீடிக்கிறது; பிப்ரவரி 15-க்குப் பிறகு அக்டோபர் 21 வரை, தனி அனுமதி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. ஆணை எப்போது வேண்டுமானாலும் சுடலாம். ஆனால் மார்ச், ஏப்ரலில்தான் ஆண் செம்மான் கொம்பை உதிர்க்கிறது. அந்த மாதங்களில் தெர்மல் திரையில் கொம்பில்லாத இரண்டு வெள்ளை உருவங்கள் நின்றால், ஒன்று சட்டப்படி சுடக்கூடிய ஆணாக இருக்கலாம், மற்றது மே, ஜூனில் குட்டி போட வேண்டிய சினை மானாக இருக்கலாம்.

அதனால்தான் அனுபவசாலிகள் பலர் தெர்மலைத் துப்பாக்கியில் மாட்டுவதில்லை. கையடக்கத் தெர்மலில் மான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, பைனாகுலரில் ஆணா பெண்ணா என்று உறுதிசெய்து, பிறகே கண்ணாடி ஸ்கோப்பில் குறிபார்க்கிறார்கள். பைனாகுலரில் தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டால் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.